வடசென்னையிலிருந்து தலகோனா அருவிக்கு: முதன்முறை போகிறவர்களுக்கான வழிகாட்டி

வடசென்னையில் அருவிக்குப் போகலாம் என்று பேச்செடுத்தால் குற்றாலமும் ஒகேனக்கலும்தான் முதலில் வந்து நிற்கும். இரண்டுமே நெடும்பயணம். மாதவரத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்குள், சேஷாசல மலைத்தொடரில், 270 அடி உயரத்திலிருந்து விழும் தலகோனா அருவி இருக்கிறது. ஆந்திரத்தின் மிக உயரமான அருவி அதுதான். சுமார் 353 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள் அது விழுகிறது. மணலி, எண்ணூர்ப் புகைபோக்கிகளைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகள் ஒருமுறையாவது அந்தக் காட்டுக்குள் நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

தூரம் குறைவு என்பதால் எளிதான பயணம் என்று எண்ணிவிடாதீர்கள். போவது வேறு மாநிலம், அதிலும் வனத்துறையின் பாதுகாப்பில் உள்ள காடு, வழியில் இருப்பதோ திருப்பதி. மாதம், அடையாள அட்டைகள், நேரம் ஆகிய மூன்றில் ஒன்று பிசகினாலும் பாதி நாள் சாலையிலேயே போய்விடும். உறவினர்களையும் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு போய், ஒவ்வோர் இடத்திலும் நின்று விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றைக் கீழே வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

தலகோனாவுக்கு முக்கியமாகத் தண்ணீர் தருவது நமக்கும் மழை தரும் வடகிழக்குப் பருவமழைதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மலை குடிக்கும் நீர் பிப்ரவரி வரை அருவியில் நன்றாக இறங்கும். பங்குனி, சித்திரையில் போனால் பாறையில் கோடு போட்டதுபோல் மெல்லிய ஒழுக்கைத்தான் பார்ப்பீர்கள். வெயிலும் அப்போது கடுமை, காட்டுத்தீ அச்சமும் உண்டு.

மழை கொட்டும்போதே போவதும் தவறு. வங்கக்கடலில் புயல் உருவாகி நமக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தால் திருப்பதி மலைக்கும் பெரும்பாலும் அதே மழைதான். 2021 நவம்பரில் பெய்த மழையில் திருமலையின் மலைப்பாதையே சேதமடைந்தது. இப்படிப்பட்ட நாட்களில் அருவிக்குப் போகும் வழியை அடைத்துவிடுவார்கள். அடைக்காவிட்டாலும் போகாதீர்கள். மழை நின்று ஒரு வாரமாவது கழியட்டும், நீர் தெளிந்துவிடும்.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது பஞ்சாங்கம். திருப்பதி வழியாகப் போவதால் அங்கே கூட்டம் என்றால் நமக்கும் ரயிலில், பஸ்ஸில், விடுதியில் இடம் கிடைக்காது. புரட்டாசியில் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருக்குடை கிளம்பி யானைக்கவுனி தாண்டுகிறதல்லவா? அந்த நாட்களில் திருமலையில் பிரம்மோற்சவம், அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம். புரட்டாசிச் சனிக்கிழமைகளும் அப்படியே. மார்கழியில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டிப் பத்து நாட்கள் சொர்க்கவாசல் திறந்திருப்பதால் அப்போதும் திருப்பதி நிரம்பி வழியும். மகா சிவராத்திரிக்கோ தலகோனாவில் உள்ள சித்தேஸ்வர சுவாமி கோயிலிலேயே கூட்டம்.

இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் எனக்குப் பிடித்த காலம் பொங்கல் விடுமுறை முடிந்த பிறகான தை மாதம். தண்ணீர் இருக்கும், மழை இருக்காது, வெயிலும் சுடாது. அதிலும் செவ்வாய், புதன், வியாழன் என்றால் காடு அமைதியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டுமே விடுப்பு உள்ளவர்கள் காலை சீக்கிரமே போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொருவருக்கும் அசல் ஆதார் அட்டை அல்லது வாக்காளர் அட்டை. செல்போனில் எடுத்த படம் போதாது, விடுதியில் அசலைக் கேட்கிறார்கள். சிறுவர்களுக்கு ஆதார் அல்லது பள்ளி அடையாள அட்டை. எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையின் அடியில் வையுங்கள். அருவிச் சாரலில் அட்டைகள் நனைவது நிச்சயம்.

சொந்தக் கார், பைக் என்றால் ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று நான்கும் வேண்டும். டிஜிலாக்கர் செயலியில் இருப்பது சட்டப்படி செல்லும். ஆனால் மலைப்பகுதியில் சிக்னல் இல்லாமல் செயலி திறக்காது என்பதால் தாளாகவும் கொண்டு போங்கள். புகைச் சான்றைப் பெரும்பாலோர் புதுப்பிப்பதே இல்லை. கிளம்புவதற்கு முந்தைய வாரம் அதன் தேதியைப் பாருங்கள்.

வாடகை வேன் எடுப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். மஞ்சள் போர்டு வண்டி மாநில எல்லையைத் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். அந்த வண்டிக்கு அகில இந்தியச் சுற்றுலா அனுமதி இருக்கிறதா, இல்லையென்றால் ஆந்திரத்துக்கான தற்காலிக அனுமதியும் வரியும் யார் செலவு என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே பேசி முடியுங்கள். "வாடகையில் எல்லாம் அடக்கம்" என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள், வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். எல்லையில் வேனை ஓரங்கட்டிவிட்டு, குழந்தைகளை வெயிலில் உட்கார வைத்துக்கொண்டு, வரிப் பணத்தை யார் கட்டுவது என்று ஓட்டுநரும் பயணிகளும் வாதாடும் காட்சியை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரம் அப்படியே போகும். வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுப்பது மலிவாகத் தெரியலாம். விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிரித்துவிடும், வேண்டாம்.

3. செம்மரம்: தமிழ்நாட்டுக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது

இதைப் பயமுறுத்த எழுதவில்லை. சேஷாசலம் செம்மரம் வளரும் காடு. அந்த மரத்தை வெட்டிக் கடத்தும் வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஏழைத் தொழிலாளர்களைத் தரகர்கள் அழைத்துப் போவது பல காலமாக நடக்கிறது. 2015 ஏப்ரலில் இதே மலைப்பகுதியில் 20 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகவே தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியில், ஆண்கள் மட்டும் ஐந்தாறு பேர், அதிகாலையிலோ இருட்டிய பின்போ காட்டுச் சாலையில் போனால் நிறுத்தி விசாரிப்பார்கள்.

விசாரித்தால் பதற வேண்டாம். வண்டியை ஓரமாக நிறுத்தி உள்விளக்கைப் போட்டு, அட்டைகளைக் காட்டி, எங்கே தங்கப் போகிறீர்கள் என்பதற்கு முன்பதிவுத் தாளைக் காட்டுங்கள். திருப்பதி வட்டாரத்தில் தமிழ் புரிந்தவர்கள் நிறையவே உண்டு. தெலுங்கு தெரியாது என்பதால் ஒரு பிரச்சினையும் வராது, குரலை உயர்த்தினால்தான் வரும்.

வண்டியில் அரிவாள், கோடாலி, ரம்பம் எதுவும் இருக்கக் கூடாது. சமைப்பதற்கு விறகு பிளக்கத்தான் என்று சொல்லி யாரையும் நம்ப வைக்க முடியாது. தேசியப் பூங்காவுக்குள் ஆயுதம் கொண்டு போவதும் தீ மூட்டுவதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம் பக்கத்தில் வேன் பயணம் என்றாலே அண்டா, அடுப்பு, பிரியாணிக்கு அரிசி என்று ஏற்றுவது வழக்கம். இந்தப் பயணத்துக்கு அவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் நடக்காதீர்கள். கீழே கிடக்கும் கட்டையை, சிவப்பாக அழகாக இருக்கிறதே என்று ஒரு துண்டுகூட எடுக்காதீர்கள். பிள்ளைகள் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள், திரும்பும்போது பையைப் பாருங்கள். கொலுவுக்கு மரப்பாச்சி வாங்க விரும்பினால் திருப்பதிக் கடையில் ரசீதோடு வாங்குங்கள். ரசீதை வீடு வந்து சேரும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.

4. திருப்பதி வரை

பஸ்: ஆந்திரம் போகும் பஸ்கள் மாதவரம் புறநகர் பஸ் நிலையத்திலிருந்தே கிளம்புகின்றன. வடசென்னைக்காரர்கள் இதற்காகக் கோயம்பேடு வரை போக வேண்டியதில்லை. ஆந்திர அரசு பஸ், தமிழ்நாடு அரசு பஸ் இரண்டும் உண்டு. போக்குவரத்து நெரிசலைப் பொறுத்து மூன்றரை முதல் நாலரை மணி நேரம் ஆகும். விடியற்காலையில் ஏறிவிட்டால் ஊருக்குள் நெரிசலே இருக்காது. பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆந்திர அரசு பஸ்களில் 2025 ஆகஸ்ட் முதல் உள்ள இலவசப் பயணம் அந்த மாநில முகவரியுள்ள பெண்களுக்கு மட்டும். நம் அட்டையைக் காட்டினால் டிக்கெட் எடுக்கத்தான் சொல்வார்கள்.

ரயில்: சென்னை சென்ட்ரலிலிருந்து காலை ஆறரை மணி வாக்கில் கிளம்பும் சப்தகிரி எக்ஸ்பிரஸ்தான் இந்தப் பயணத்துக்கு மிகப் பொருத்தம். பத்து மணிக்கு முன்பின்னாகத் திருப்பதியில் இறங்கிவிடலாம். விம்கோ நகர், திருவொற்றியூர், வண்ணாரப்பேட்டைக்காரர்கள் காலை முதல் மெட்ரோவைப் பிடித்தால் சென்ட்ரலுக்கு நேரத்தோடு போய்விடலாம். வில்லிவாக்கம், அயனாவரம் பக்கம் இருப்பவர்கள், பெரம்பூரில் அந்த ரயில் நிற்கும் நேரத்தை முன்பதிவு செய்யும்போதே பார்த்து அங்கிருந்தே ஏறும்படி டிக்கெட் போடுங்கள். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடும். சனி, ஞாயிறுக்கான இடங்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும். முன்பதிவில்லாப் பெட்டியில் வயதானவர்களை ஏற்றாதீர்கள். மலைக்குப் போகும் பக்தர்களே அதை நிரப்பிவிடுவார்கள்.

சொந்த வண்டி: செங்குன்றம், காரனோடை, ஜனப்பன்சத்திரம் போய் இடது பக்கம் திரும்பினால் பெரியபாளையம், ஊத்துக்கோட்டை. அதைத் தாண்டியதும் ஆந்திரம்: சுருட்டப்பள்ளி, நாகலாபுரம், பிச்சாட்டூர், புத்தூர், வடமாலப்பேட்டை, திருப்பதி. நாகலாபுரம் தாண்டியதும் வலப்பக்கம் மலைகள் கூடவே வரத் தொடங்கும், அலுக்காத சாலை. பாஸ்டேகில் பணம் இருக்கட்டும். பெட்ரோலை ஊத்துக்கோட்டைக்கு இந்தப் பக்கமே நிரப்பிக்கொள்ளுங்கள். ஆந்திரத்தில் லிட்டருக்குப் பல ரூபாய் அதிகம். ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வழி வேண்டவே வேண்டாம். பெரியபாளையத்தம்மன் கோயிலுக்கு வரும் வேன்களுக்கு நடுவில் நின்றுகொண்டே இருப்பீர்கள்.

5. திருப்பதியிலிருந்து தலகோனா

இந்தப் பகுதியில்தான் புதியவர்கள் திணறுகிறார்கள். தூரம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மதனப்பள்ளி போகும் நெடுஞ்சாலையில் ரங்கம்பேட்டை தாண்டி, பாக்கராப்பேட்டை மலைப்பாதையில் ஏறி இறங்கி, அங்கிருந்து வலப்பக்கம் பிரிந்து நேரபைலு என்ற ஊர் வழியாகப் போக வேண்டும்.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் "திருமலை, திருமலை" என்று ஜீப்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களில் யாரிடமாவது தலகோனா என்று சொன்னால் கேட்கும் தொகை தலைசுற்ற வைக்கும். நேராக ஆந்திர அரசு பஸ் நிலையத்துக்கு நடந்துவிடுங்கள், பக்கம்தான். விசாரணைப் பிரிவில் தலகோனாவுக்கு நேரடி பஸ் எப்போது, நேரபைலு வரை போகும் பஸ் எப்போது என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். நேரடி பஸ் மிகக் குறைவு. நேரபைலுவில் இறங்கினால் அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர், பகிர்வு ஆட்டோ கிடைத்தால் உண்டு. ஏறும்போதே அந்த நடத்துநரிடம் கடைசியாகத் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக் கையில் குறித்துக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டால் மலையடிவாரத்தில் வேறு வழி கிடையாது.

நான்கு பேர் இருந்தால் டாக்ஸிதான் புத்திசாலித்தனம். போக, வர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து மொத்தத் தொகையைப் பேசுங்கள். 3,000 ரூபாய் சுற்றுவட்டாரத்தில் ஒதுக்கி வையுங்கள். எத்தனை மணி நேரக் காத்திருப்பு என்பதையும் சொல்லிவிடுங்கள். குறைந்தது நாலு மணி நேரம் வேண்டும். இரண்டு மணி நேரம் என்று பேசிவிட்டுப் போனால் அருவியைக் கண்ணால் பார்த்த கையோடு ஓடிவர நேரும்.

பைக்கில் போகிறவர்களுக்கு: பாக்கராப்பேட்டை மலைப்பாதை வளைவுகள் கூர்மையானவை, லாரிகளும் பஸ்களும் அதே சாலையில் வருகின்றன. இருட்டிய பிறகு அதில் இறங்காதீர்கள். சென்னையிலிருந்து பைக்கில் போய் அன்றே திரும்புவது ஏறக்குறைய 400 கிலோமீட்டர். அருவியில் குளித்த உடம்புக்குத் தூக்கம் தானாக வரும். ஓர் இரவு தங்கித்தான் திரும்ப வேண்டும்.

6. தங்குவதா, அன்றே திரும்புவதா

சப்தகிரியில் போய், டாக்ஸி பிடித்து, மாலை ஆறு மணி வாக்கில் திருப்பதியிலிருந்து கிளம்பும் அதே ரயிலில் திரும்புவது முடியக்கூடிய காரியம்தான். பதினொன்றரைக்கு நுழைவாயில், மூன்றரைக்குள் கீழே இறங்கிவிட வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் சரியாக வரும். இளைஞர்களுக்கு இது போதும். குழந்தைகள், வயதானவர்கள் இருந்தால் ஓர் இரவு தங்குங்கள்.

தலகோனாவிலேயே வன விஹாரி என்ற பெயரில் வனத்துறையும் அந்த ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் தங்குமிடம் இருக்கிறது. ஆடம்பரம் இல்லை, காட்டுக்கு நடுவில் கூரையும் கட்டிலும் உண்டு, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். ஆந்திர வனத்துறையின் அதிகாரபூர்வ வழியில் மட்டும் பணம் கட்டுங்கள். சமூக ஊடகத்தில் யாரோ கொடுத்த எண்ணுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், சொன்ன அளவுக்குத்தான் சமைப்பார்கள்.

திருப்பதியில் தங்குவதானால் ஏராளமான விடுதிகள் உண்டு. தனியாகப் போகிறவர்களுக்குச் சில விடுதிகள் அறை தர மறுக்கும். ஆகவே தனியாள் என்றால் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டே கிளம்புங்கள்.

சென்றதோடு பெருமாளையும் சேவித்துவிடலாம் என்று ஒரே நாளில் திருமலையையும் தலகோனாவையும் சேர்க்காதீர்கள். தரிசன வரிசை எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் வேண்டுமென்றால் முதல் நாள் அருவி, மறுநாள் மலை.

7. நுழைவாயிலில்

ஆளுக்கும் வண்டிக்கும் கேமராவுக்கும் தனித்தனிக் கட்டணம். தொகை சிறியதுதான். சில்லறையாக ரொக்கம் வைத்திருங்கள். அந்தப் பகுதியில் சிக்னல் வந்து வந்து போவதால் செல்போன் பணப் பரிமாற்றத்தை மட்டும் நம்பிப் போனால் நின்றுவிடுவீர்கள். ஏடிஎம் திருப்பதியோடு சரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மது, பிளாஸ்டிக் பை, ட்ரோன் மூன்றும் கூடாது. மதுவை ஒளித்து எடுத்துப் போகிறவர்களுக்கும் அவர்களோடு வரும் குடும்பத்துக்கும் சேர்த்தே அவமானம் காத்திருக்கிறது. தண்ணீரை எவர்சில்வர் அல்லது செம்புக் குடுவையில் எடுத்துப் போங்கள்.

இங்கேயே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: இன்று குளிக்க விடுகிறார்களா, கயிற்றுப் பாலம் திறந்திருக்கிறதா, எத்தனை மணிக்குள் வெளியே வர வேண்டும்.

8. அருவிக்கு நடப்பது

சித்தேஸ்வர சுவாமி கோயில் பக்கத்திலிருந்து நடை தொடங்கும். ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் படிகளும் பாறைகளும் வேர்களும் கலந்த ஏற்றம். நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரம் ஆகும். முட்டிவலி உள்ளவர்கள் கோயிலோடும் கீழே உள்ள ஓடையோடும் நின்றுவிடலாம், அங்கேயும் நிழலும் நீரும் உண்டு.

ரப்பர் செருப்பு கூடவே கூடாது. ஈரப் பாறையில் பாசி படிந்த இடம் பச்சையாகத் தெரியாது, லேசாகக் கறுத்துப் பளபளக்கும். அதில் கால் வைத்ததும் வழுக்கும். அடிப்பகுதி நன்றாகப் பிடிக்கும் ஷூ அல்லது பின்பக்கம் பட்டையுள்ள செருப்பு அணியுங்கள். பெண்கள் புடவையைவிடச் சுடிதாரில் போவது எளிது.

வழியில் நின்று பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மரத்துக்கு மரம் தாவிப் போகும் ஒரு காட்டுக்கொடி, தொடைப் பருமனில், பிழிந்த துணிபோல் முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. அதன் அவரை போன்ற காய் கை நீளத்துக்குத் தொங்கும். உள்ளே இருக்கும் விதை உள்ளங்கையை நிறைக்கும் வட்டம். ஊஞ்சல்போல் இருக்கிறதென்று அதில் ஏறித் தொங்கிப் படம் எடுக்கிறார்கள். அந்தக் கொடி அந்தப் பருமனுக்கு வர எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருக்கும், தொட்டுப் பார்த்தால் போதும். இந்தக் காட்டில் மலையணில், தேவாங்கு, தங்கப்பல்லி எல்லாம் இருக்கின்றன. சத்தம் போடாமல் நடக்கிறவர்களுக்கு மலையணிலாவது கண்ணில் படும். புளூடூத் ஒலிபெருக்கியைத் தயவுசெய்து வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

கயிற்றுப் பாலம் மரங்களின் இடுப்பளவில் போகிறது. நீளம் சுமார் 240 மீட்டர், தரையிலிருந்து 35 அடிக்கு மேல். உயரத்துக்குப் பயப்படுகிறவர்களை வற்புறுத்தி ஏற்றாதீர்கள். நடுவில் திரும்ப முடியாது.

குரங்குகளுக்குப் பை சரசரக்கும் சத்தமே அழைப்பு மணி. தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். சிறு பிள்ளைகளின் கையில் பிஸ்கட் பொட்டலம் வேண்டவே வேண்டாம். புளியோதரை, எலுமிச்சைச் சோறு, வேகவைத்த முட்டை என்று கட்டிக்கொண்டு வந்தால் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டு ஏறுங்கள்.

9. தண்ணீரில்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். மேலிருந்து விழும் நீர் பாதி வழியிலேயே உடைந்து தூவானமாக இறங்குவதால் அருவி மென்மையாகத் தெரியும். அடியில் உள்ள குளம் அப்படி இல்லை. நீருக்குள் பெரும் பாறைகள் மேடும் பள்ளமுமாகக் கிடக்கின்றன, இடையில் ஆழமான இடுக்குகள். மேலிருந்து பார்த்தால் எது ஆழம், எது பாறை என்று தெரியாது. 2023இல் சென்னையில் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் குதித்துப் பாறையிடுக்கில் தலை சிக்கி இறந்துபோனார். நண்பர்கள் கரையில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

காசிமேட்டிலும் எண்ணூரிலும் கடலில் நீந்தி வளர்ந்த பிள்ளைகளுக்குத் தண்ணீர் பயம் கிடையாது, எனக்கு அவர்களைப் பற்றித்தான் அதிகக் கவலை. கடலில் அலை தூக்கும், உப்புநீர் மிதக்க வைக்கும். இங்கே குளிர்ந்த நன்னீர், மிதப்பு குறைவு, அடியில் பாறை. தலைகீழாகக் குதிக்காதீர்கள். கால் தரையில் படும் இடத்தில் உட்கார்ந்து குளியுங்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ மேலே மழை பெய்கிறது என்று பொருள். துணியைக்கூட எடுக்காமல் உடனே கரையேறி உயரமான இடத்துக்குப் போய்விடுங்கள்.

அடிபட்டால் பெரிய மருத்துவமனை 60 கிலோமீட்டர் தள்ளித் திருப்பதியில்தான். 108 ஆம்புலன்ஸ் ஆந்திரத்திலும் உண்டு. சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தால் ஒருவரை நுழைவாயிலுக்கு ஓடச் சொல்லுங்கள். கட்டுத்துணி, கிருமிநாசினி, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவை ஒரே பையில் இருக்கட்டும்.

மாலை நான்கு மணிக்கு மேல் மலைப்பாதையில் இருக்காதீர்கள். மலை மறைப்பதால் பொழுது சீக்கிரமே மங்கும். இது சிறுத்தை நடமாடும் காடு. 2023இல் திருமலைக்கு நடந்து போகும் அலிபிரிப் பாதையிலேயே ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றது. குழந்தைகளை முன்னாலும் பின்னாலும் ஓடவிடாமல் பெரியவர்களுக்கு நடுவில் நடக்க வையுங்கள்.

10. இன்னும் ஆழமாக நடக்க விரும்புகிறவர்களுக்கு

தலகோனாவுக்கு அப்பால் சேஷாசலத்துக்குள் பல தீர்த்தங்களும் அருவிகளும் உள்ளன. அனுமதியில்லாமல் அங்கே அழைத்துப் போவதாகச் சொல்லும் குழுக்களிடம் பணம் கட்டாதீர்கள். பிடிபட்டால் வழக்கு உங்கள் மேல்தான். முன்னே சொன்ன செம்மரச் சந்தேகமும் சேர்ந்துகொள்ளும்.

முறையான வழி ஒன்று இருக்கிறது. திருமலைக் காட்டுக்குள் இருக்கும் மூன்று தீர்த்தங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மக்களை அனுமதிக்கிறார்கள்: தைப் பௌர்ணமிக்கு ராமகிருஷ்ண தீர்த்தம், மாசிப் பௌர்ணமிக்குக் குமாரதாரா, பங்குனிப் பௌர்ணமிக்குத் தும்புரு தீர்த்தம். பாபவிநாசம் பக்கத்திலிருந்து நடை தொடங்கும். தும்புருவுக்கு ஒருவழியே ஏழு கிலோமீட்டருக்கு மேல். இரு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர், நடுவில் இடுப்பளவு நீரில் நடக்கும் இடமெல்லாம் உண்டு. தேவஸ்தானம் அன்று குடிநீர், உணவு, மருத்துவ உதவி ஏற்பாடு செய்யும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களை வர வேண்டாம் என்று ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கிறார்கள், அதை மீறாதீர்கள். அந்த ஆண்டுக்கான நேரத்தையும் கட்டுப்பாட்டையும் தேவஸ்தானத்தின் அறிவிப்பில் பார்த்த பிறகே கிளம்புங்கள்.

11. செலவுக்கு எவ்வளவு எடுத்து வைப்பது

நான்கு பேர், ரயிலில் போய் அன்றே திரும்புவது என்றால்: இரண்டாம் வகுப்பு இருக்கையில் ஆளுக்குப் போக வர 200 ரூபாய்க்குள், டாக்ஸியில் ஆளுக்கு 750, சாப்பாடு, நுழைவுக் கட்டணம், உள்ளூர் ஆட்டோ எல்லாவற்றுக்கும் 400. ஆளுக்கு 1,500 ரூபாய் கையில் இருந்தால் தாராளம். ஓர் இரவு தங்கினால் இன்னும் 1,000 சேருங்கள். சொந்தக் காரில் போனால் 400 கிலோமீட்டருக்கு 25 முதல் 30 லிட்டர் பெட்ரோல், அதோடு சுங்கக் கட்டணம். நான்கைந்து பேராகப் பகிர்ந்துகொண்டால் ரயிலும் டாக்ஸியும் சேர்ந்த கணக்குக்கே ஏறத்தாழ வரும்.

12. திரும்பும் வழி

ஈரத் துணியை மாற்றிக்கொள்ளாமல் வண்டியில் ஏறாதீர்கள். நீங்கள் கொண்டுபோன குப்பையை அதே பையில் திருப்பதி வரை கொண்டு வாருங்கள், காட்டுக்குள் அதை அள்ள ஆள் கிடையாது.

அருவி வழி அடைத்திருந்தாலோ நேரம் தவறிவிட்டாலோ வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. திருப்பதி ஊருக்குள்ளேயே மலையடிவாரத்தில் கபிலேஸ்வர சுவாமி கோயில் இருக்கிறது. மழைக்குப் பிந்தைய நாட்களில் கோயில் குளத்திலேயே, கபில தீர்த்தத்தில், அருவி விழும்.

ஞாயிறு மாலை சொந்த வண்டியில் திரும்புகிறவர்கள் செங்குன்றத்திலும் மாதவரம் ரவுண்டானாவிலும் கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் இரவு ஒன்பது மணிக்குள் மாதவரத்தில் இறங்கும்படி திருப்பதியில் நான்கரைக்கே ஏறிவிட்டால் எண்ணூர், மணலிப் பக்கம் போகும் மாநகரப் பஸ் கிடைக்கும். அதற்குப் பின்னால் ஆட்டோதான். நாலைந்து பேராக இருந்தால் ஏறும் முன்பே வாடகையைப் பேசிவிடுங்கள்.